தறிக்குழி அக்கா

அக்கா எங்களில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பச்ச, டிபன் பாக்ஸ் எடுத்துக்கினியா?" என்பாள். பச்சை என்றால் நான். என் தட்டு, டம்ளர், பக்கெட், இரும்புப் பெட்டி எல்லாவற்றிலும் நகப்பாலிஷால் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த முதல் காலையில், செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, "கையில இருக்கறத எல்லாம் கீழ வையி" என்று சொல்லி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் புள்ளி வைத்தாள். பன்னிரண்டு பேர் இருக்கிற இடத்தில் தட்டு மாறினால் சண்டை வரும், அதனால் ஆளுக்கு ஒரு நிறம் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பாட்டில்களை அவள் வேறு எதற்கு வைத்திருந்தாள் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலிலிருந்து மூன்றாவது தெருவில். வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். முன்கட்டில் அவரும் இரண்டு மகன்களும் நெய்தார்கள். பின்கட்டில் நீளமாக ஒரு கூடம். முன்பு அங்கேயும் தறி இருந்ததாம். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்கார, ஒவ்வொரு தறிக்கும் தரையில் ஒரு குழி இருக்கும். அப்படி மூன்று குழிகள். இரண்டைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டுக் கூடத்தை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மூலையில் இருந்த மூன்றாவது குழி மூடாமல், பாதிவரை மணல் நிரம்பிக் கிடந்தது. நாங்கள் எல்லாரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. தெருமுனைக்கு வேன் வரும். மூன்று ஷிப்ட்.

அக்காவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது இருக்கலாம். எங்களைவிடப் பத்து வயது மூத்தவள். தாமல் பக்கத்து ஊர். விலங்கியல் படித்துவிட்டு, படிப்புக்கு ஏற்ற வேலை எதுவும் அமையாமல் கம்பெனிக்கு வந்து லைன் லீடர் ஆனவள். கூடத்தைப் பேசி எடுத்ததும் அவள்தான், எங்களில் பாதிப் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். இருந்தும் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவளைத் 'தறிக்குழி அக்கா' என்றுதான் சொல்வோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு துடைப்பக் குச்சி. அதன் நுனியை நீலப் பாலிஷில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மணலில் ஊர்ந்துகொண்டிருந்த ஓர் எறும்பின் முதுகில் வைத்தாள். கடிக்காத சின்னக் கறுப்பு எறும்பு, பிள்ளையார் எறும்பு என்போமே, அது. எறும்பு ஒரு நிமிடம் நின்று, மீசையைத் துடைத்துக்கொண்டு, நடந்தது.

"இன்னாக்கா பண்றீங்க?"

"அடையாளம். நீலம் உள்வேல பாக்குறது. செவப்பு வெளிய போயி தீனி கொண்டாறது. கொஞ்சம் அதிகமாப் பட்டாலும் செத்துடும்."

"எதுக்குக்கா இது?"

"யாரு எங்க போறாங்கனு தெரிய வேணாமா?"

மூன்று வருடமாக இதைச் செய்துகொண்டிருந்தாள். வெயில்காலத்தில் எறும்புகளுக்கு அந்த வளாகத்தில் ஐந்து வீடு என்று எனக்குக் காட்டினாள். குழி, துவைக்கிற கல்லுக்கு அடி, முருங்கை வேர், சுவர் விரிசல், கேட்டுத் தூணின் பக்கத்தில் ஒரு பொந்து. ஐந்தும் ஒரே கும்பல்தான், ஆனால் அதனதன் வேலையை அதனதன் இடத்தில் பார்த்துக்கொண்டு தனித்தனியாக இருக்கும். அதைச் சொல்லிவிட்டு, கூடத்தில் ஷிப்டுவாரியாகப் பாய் போட்டுப் படுத்திருந்த எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள்.

சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் மருந்துப் பவுடர் போட விடமாட்டாள். டப்பாவை எடுத்து வெயிலில் வைப்பாள். ஒன்றிலும் குறுக்கே போகக் கூடாது என்பது அவள் கொள்கை. அது எறும்புக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன்.

வைகாசியில் ஒரு நாள் தண்ணீர்க் குழாயில் எங்கள் கூடத்து மஞ்சுவுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் தகராறு. யார் முதலில் பிடிப்பது என்று தொடங்கி முடியைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா இரண்டடி தள்ளித் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. முழங்கையை முழங்காலில் ஊன்றி, முகவாயில் கை வைத்து, குழியைப் பார்க்கிற அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கெட் கைப்பிடிக் கம்பி மஞ்சுவின் கையைக் கிழித்து ரத்தம் கொட்டியதும் நான்தான் ஓடிப்போய் விலக்கினேன். அதன்பிறகு அக்காவே மஞ்சுவை ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டு, வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் பக்கத்திலிருந்து சோறு ஊட்டினாள். அந்த அன்பில் பொய் இல்லை.

"ஏன்க்கா வெலக்கி வுடல?" என்று கேட்டேன்.

"வெலக்கி வுட்டா யாரு பெரியவனு முடிவாவாது. நாளைக்கு மறுபடியும் ஆரம்பிப்பாங்க."

அது உண்மைதான். அந்த இருவரும் பிறகு சண்டை போட்டதே இல்லை. மஞ்சு எப்போதும் இரண்டாவதாகத் தண்ணீர் பிடித்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை அக்கா என்னை எழுப்பி, "பச்ச, இங்க வா" என்று சுவரோரம் கூட்டிப்போனாள். வெளியே இருந்த நான்கு பொந்துகளிலிருந்தும் எறும்புகள் வரிசையாகக் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் அரிசிக் குருணை போல வெள்ளையாக ஏதோ ஒன்று. அவற்றின் பிள்ளைகள். நடுநடுவே, வயிறு பெருத்து மெதுவாக நகரும் பெரிய எறும்புகள். வரிசை குழிக்குள் இறங்கியது.

"பெருசா இருக்குது பாரு, அது தாய். முட்ட வைக்கிறது மட்டும்தான் வேல. வூட்டுக்கு ஒண்ணு. இப்ப அஞ்சும் ஒரே குழியில."

"அடிச்சிக்காதா?"

"மழையில அடிச்சிக்காது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கெடக்கும். உள்வேல, வெளிவேலனு பிரிவும் கெடையாது. எல்லாரும் எல்லாத்தையும் செய்யும். எந்தத் தாய் பெத்ததுனு பாக்காம எல்லாப் பிள்ளைக்கும் ஊட்டும்."

"நல்லாருக்குதேக்கா."

"வெயில் வரட்டும்" என்றாள். ஐந்து தாய்களுக்கும் வெள்ளைப் புள்ளி வைத்தாள்.

அதே வாரம் ஓரிக்கையில், தாழ்வான இடத்தில் இருந்த ஒரு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் கம்பெனிப் பெண்கள் பதினொரு பேர் அங்கே இருந்தார்கள். நனைந்த மெத்தைகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி அவர்களுடைய அக்கா. ஓரிக்கை அக்கா என்போம். பருத்த உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு, எல்லாரையும் 'கண்ணு' என்பாள். ஒரே நாளில் இருபத்து மூன்று பெயரும் அவளுக்கு மனப்பாடம்.

அந்த மழைக்காலத்தைப்போல நான் எங்கேயும் சந்தோஷமாக இருந்ததில்லை. இருபத்து மூன்று பேர் தோளோடு தோள் இடித்துப் படுத்தோம். ஷிப்ட் கணக்கு மறந்துபோனது. யார் சமைத்தார்கள், யார் துணியை யார் பிழிந்து காயப்போட்டார்கள் என்று தெரியாது. மஞ்சுவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஓரிக்கைப் பெண் ஒருத்தி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு அக்காவும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். முன்கட்டில் தறிச் சத்தம் விடாமல் கேட்கும். இங்கே நாங்கள் சிரிக்கிற சத்தம். "இன்னாமா, கல்யாண வூடு மாதிரி இருக்குது" என்பார் வீட்டுக்காரர்.

அக்கா மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அந்த நோட்டைத் திறந்தேன். அதில் பெயர்களே இல்லை. தேதி, நிறம், பக்கத்தில் ஒரு வரி. 'ரோஸ்: இரண்டாவதாகப் போகிறது.' 'நீலம்: உள்ளேயே இருக்கிறது. வெளியே வரப் பயம்.' 'பச்சை: புதிதாக வந்தவற்றோடு சேர்ந்துகொண்டது. வாசல் பக்கமே சுற்றுகிறது.' மஞ்சுவுக்கு ரோஸ் புள்ளி. எழுதியிருப்பது எறும்பைப் பற்றியா எங்களைப் பற்றியா என்று தெரியாமல் குழியருகே போய்க் குனிந்து பார்த்தேன். விளிம்பில் ஓர் எறும்பு பச்சைப் புள்ளியோடு போய்க்கொண்டிருந்தது. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வாரமாக மாலை ஆனால் ஓரிக்கைப் பெண்களோடு வாசல்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததும் நான்தான். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

தை பிறந்து வெயில் வந்தது. எறும்புகள் மறுபடி வெளிப் பொந்துகளைத் திறந்து மண்ணைத் தள்ளத் தொடங்கின. ஓரிக்கை வீட்டை அதன் சொந்தக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிட்டார் என்று தெரிந்தது. மாசி முதல் வாரம், எங்கள் வீட்டுக்காரர் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"வைகாசி முகூர்த்தத்துக்கு நெறைய ஆர்டர் இருக்குதுமா. ரெண்டு தறி சேத்துப் போடணும். பாதிக் கூடத்த எனக்கு வுட்ருங்க. பன்னண்டு பேருக்கு மேல ஆவாது. அதுலயும் யாராவது ஒருத்தரு பொறுப்பா இருங்க. ரெண்டு பேருகிட்ட என்னால பேச முடியாது."

மறுநாள் காலை வேனிலிருந்து இறங்கி வந்தபோது அக்கா குழியருகே இருந்தாள். கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ஒரு தாய் எறும்பை ஏழெட்டு எறும்புகள் காலையும் மீசையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போயின. வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அது கடிக்கவில்லை. கால்களை மட்டும் மணலில் ஊன்றி ஊன்றிப் பார்த்தது. விளிம்பைத் தாண்டி, சுவரோரமாக, சாக்கடைத் துவாரத்தருகே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பின. அங்கே ஏற்கெனவே ஒன்று கிடந்தது.

"செத்துடுச்சாக்கா?"

"இல்ல. இனிமே யாரும் ஊட்டமாட்டாங்க. ரெண்டு நாளாவும்."

"இழுத்துக்கினு போனது யாரு?"

"அது பெத்ததுங்கதான்."

"எடுத்து உள்ள வுடலாமேக்கா."

"போன வருசம் வுட்டுப் பாத்தேன். மறுபடியும் இழுத்துக்கினு வந்து அதே எடத்துல போட்டுச்சுங்க." நோட்டைத் திறந்தாள். "கோவம்லாம் இல்ல பச்ச. வெயிலு வந்துடுச்சு, அவ்ளோதான்."

அந்த வாரத்தில் நான்கு தாய்களைக் கொண்டுவந்து போட்டன. ஒன்று மட்டும் உள்ளே இருந்தது.

எங்களில் சிலருக்குக் கம்பெனி ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு பேருக்குக் கல்யாணம் நிச்சயமானது. சிலர் வேறு அறை பார்த்துக்கொண்டார்கள். பத்துப் பேர் தாங்களாகவே போய்விட்டார்கள். பதின்மூன்று பேர் மீந்தோம்.

யாரும் கூடிப் பேசவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒரு நாள் டீ ஊற்றும்போது அக்காவின் டம்ளர் மட்டும் வைக்கப்படவில்லை. வேனில் அவள் இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் பாய் ஒவ்வொரு நாளும் ஒரு முழம் குழிப்பக்கமாகத் தள்ளிப்போயிற்று. அவள் கேட்டால் பதில் சொன்னோம், நாங்களாகப் பேசவில்லை. ஓரிக்கை அக்கா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போனபோது வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்: "யாரும்மா பொறுப்பு? முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஓரிக்கை அக்காவக் கேளுங்கண்ணே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க அக்கா எறும்பத்தான் பாக்குறாங்க. மஞ்சு கையி கிழிஞ்சப்பகூடப் பாத்துக்கினுதான் இருந்தாங்க."

அதைச் சொல்லப் போகிறேன் என்று வாயைத் திறக்கும்வரை எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அக்காவின் பெட்டி இடைஞ்சலாக இருந்தது. ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்தேன். அங்கேயும் நிற்கவில்லை. படியில் இறக்கும்போது கனம் தாங்காமல் பெட்டி சாய்ந்தது. நிமிர்ந்தால், ஈரத் தலையோடு அக்கா.

குனிந்து மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"இந்தப் பக்கம் நான் புடிச்சிக்கிறேன். நீ பின்னால பாத்து எறங்கு."

இருவருமாகத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போனோம். வழியெல்லாம் அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபமோ வருத்தமோ இருந்தால் தாங்கியிருப்பேன். கண் இமைக்காத அந்தக் கவனம் மட்டும்தான் இருந்தது.

"உனக்கு எப்பத் தோணிச்சு?" என்றாள்.

"தெரியலக்கா."

"அதான்" என்று தலையாட்டினாள். "தெரியாது."

உள்ளே போய்ப் பாயையும் நோட்டையும் எடுத்து வந்து, ஆட்டோவில் ஏறிப் போனாள். கூடத்துக்குள் நான் திரும்பியபோது எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்திருந்தார்கள். குடித்தேன்.

அதற்குப் பிறகு வீடு நன்றாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, நன்றாகவே இருந்தது. வீட்டுக்காரர் மூலைக் குழியின் மணலை வாரிவிட்டு அதன்மேல் தறி போட்டார். அந்த எறும்புகள் எங்கே போயின என்று பார்க்க ஆள் இல்லை.

நான் அக்காவை மறுபடி பார்த்தது இரண்டு வருடம் கழித்து, என் கல்யாணப் பத்திரிகையோடு. தாமலில் ஏரிக்கரையை ஒட்டிய சாலையில் அவளுடைய அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். காப்பி வாங்கிக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் கல்யாணம், மாப்பிள்ளை என்று பேசிக்கொண்டே இருந்தேன். அவள் பத்திரிகையைப் படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"உன்ன எப்ப அனுப்பினாங்க?"

நான் அதைச் சொல்லவே இல்லை. வேலையை விட்டு நின்றுவிட்டேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"இந்த மாசியில" என்றேன். எங்கள் ஊரிலிருந்து நானே கூட்டி வந்து சேர்த்த பெண் ஒருத்தி, ஒரு நாள் காலை தலை வாரிக்கொண்டே, "நீங்க வேற ரூம் பாத்துக்குங்கக்கா, எடம் பத்தல" என்றாள். மற்றவர்கள் தலையைத் திருப்பவில்லை.

"எத்தன மழ இருந்த?"

"மூணு."

"நான் நாலு" என்றாள். பெருமையாகச் சொன்னதுபோல் இருந்தது. "அவங்களுக்கெல்லாம் பத்திரிக வெச்சிட்டியா?"

"வெக்கல."

"வையி. கல்யாணம் ஐப்பசியிலதான? எல்லாரும் வருவாங்க."

வைத்தேன். வந்தார்கள். வந்தவாசியில் மண்டபத்துக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, மணப்பெண் அறைக்குள் அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என்னை அனுப்பிய பெண் என் கால்களுக்கு மருதாணி வைத்துவிட்டு, பிரிவை நினைத்து அழுதாள். மஞ்சு எனக்குச் சோறு ஊட்டினாள். பந்தியில் ஓரிக்கை அக்கா எங்கள் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தாள். அக்காவும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். யாரும் நடிக்கவில்லை. நானும்தான். அவர்கள் ஒவ்வொருவரையும் மெய்யாகவே இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்கா கிளம்பும்போது அறை வாசலுக்கு வந்து, குடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"மாப்பிள்ள வூட்ல எத்தன பொம்பளைங்க?"

"மாமியாரு, ரெண்டு ஓரகத்திங்க, அப்புறம் நானு."

"ஒரே சமையலா?"

"ஒரே சமையல்தான்க்கா. எல்லாரும் ரொம்பப் பிரியமா இருக்கறாங்க."

"இருப்பாங்க" என்றாள். மழை குறைகிறதா என்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குடையை விரித்தாள். "மாசியில எனக்கு ஒரு போன் பண்ணு."